பிரேமா கோத்த அரபி எழுத்துகள்

1

இந்த மாதத்தோடு நான் ஷார்ஜாவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. கேக் வெட்டவில்லை, கோயிலில் பூசைக்கும் சொல்லவில்லை. என் கணவர் மட்டும் காலையில், "இருபது வருஷமா இதே டீயைத்தான் குடிக்கிறேன்" என்றார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு டைப்பிங் சென்டரில். நம் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அதே வேலைதான். இங்கே ஏ.சி. உண்டு, வெயிலில் உட்கார வேண்டியதில்லை. விசா, வாடகை ஒப்பந்தம், பிள்ளை பிறந்த சான்று என்று எதற்கும் அரபியில் ஒரு விண்ணப்பம் வேண்டும். வருகிறவர்களுக்கு அரபி தெரியாது. நாங்கள் அடித்துக் கொடுப்போம்.

எனக்கும் அரபி தெரியும் என்று முழுசாகச் சொல்ல முடியாது. படிப்பேன், வேகமாக அடிப்பேன், பேசச் சொன்னால் கடைக்குச் சாமான் பட்டியல் சொல்கிற மாதிரிதான் வரும். வந்த முதல் வருடம் ஒரு கொத்தனாருடைய விண்ணப்பத்தில் வேலை என்ற கட்டத்தில் போட வேண்டியதை அப்பா பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். அந்த மனிதரின் தகப்பனார் பெயரே கொத்தனார் என்று பதிவாகிவிட்டது. அதைத் திருத்த நானும் அவரும் மூன்று கவுன்டர், நான்கு நாள் அலைந்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றுவரை அவர் முகம் மறக்கவில்லை.

எழுத்திலும் சிக்கல் உண்டு. அரபியில் பாண்டியனின் ‘ப’ கிடையாது, அம்பின் ‘ப’தான் உண்டு. ஒரு கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் அம்பின் ‘ப’. மூன்று புள்ளி வைத்து پ என்று எழுதினால் பாண்டியனின் ‘ப’. ஆனால் இந்த மூன்று புள்ளி எழுத்து பாரசீகக்காரர்களும் உருதுக்காரர்களும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் அடிக்கும் விண்ணப்பப் பக்கம் அதை ஏற்றுக்கொள்ளாது. சிவப்பாக ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் எத்தனையோ பாண்டியன்களையும் பழனிகளையும் இரண்டிரண்டு புள்ளி பிடுங்கித்தான் இந்த நாட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட விவரமெல்லாம் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு மிதப்பு. ராயபுரத்தில் எங்கள் தெருவில் அரபி எழுதத் தெரிந்த முதல் பெண் நான்தான் என்று லீவில் போகும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் வருவேன். அந்த மிதப்பை இறக்கி வைத்தவள் என் தம்பி மனைவி பிரேமா. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் நான் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ்ஸில் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், காசிமேட்டுப் படகுக்காரர்களின் ரசீதுப் புத்தகம், எல்லாம் அடிப்போம். அப்போது தமிழ் அடிப்பது இன்றைக்குப் போல இல்லை. ‘கோ’ என்று வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால் என்று மூன்றையும் தனித்தனியாக அடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. நாம் வைக்கிற துண்டுகளை அப்படியே வரிசையாக வைக்கும். வேறு ஒரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் மொத்தமும் கிறுக்கலாக மாறிவிடும்.

நான் ஷார்ஜா வந்ததும் என் நாற்காலிக்கு வந்தவள் பிரேமா. எம்.கே.பி. நகர் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். பிரஸ்ஸுக்கு நோட்டீஸ் கொடுக்கப்போன என் தம்பி அருள், நோட்டீஸ் இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தான். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் வேறு மதம், வேறு இடம். மற்றவர்களைச் சொல்வானேன், எனக்கே பிடிக்கவில்லை. என் வேலையையும் எடுத்துக்கொண்டு என் தம்பியையும் எடுத்துக்கொண்டாள் என்று இங்கிருந்து அம்மாவுக்குப் போனில் சொன்னேன். கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு பண்டிகைக்கு ஒரு சேலை, பிள்ளைக்கு ஒரு சட்டை, அதோடு சரி. அவள் அக்கா, அக்கா என்பாள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வேன்.

பிரஸ் முதலாளி வயசாகி மூடியபோது அவரிடமிருந்த பழைய கம்ப்யூட்டரையும் லேபிள் அடிக்கும் சின்ன மிஷினையும் பிரேமா வாங்கிக்கொண்டாள். எங்கள் தெருவிலேயே ஒரு அறை பிடித்து லேபிள் கடை போட்டாள். ஊறுகாய் பாட்டில், பினாயில், தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் நட்டு போல்ட்டுப் பாக்கெட் என்று ஓடிக்கொண்டிருந்தது. அருள் டிரெய்லர் ஓட்டுகிறான். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசையில்தான் பாதி வாரம் குடித்தனம். அதனால் கடை முழுக்க அவள் பொறுப்பு.

3

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, நான் டைப்பிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்த நேரம். பிரேமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. இறால் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். மேலே இங்கிலீஷ், கீழே அரபி. "அக்கா, மொத தடவ அரபி ஆர்டர். சரியாக் கீதா பாருங்க" என்று குரல் செய்தி.

எண்ணூர் பக்கம் இறால் பதப்படுத்தும் ஒரு கம்பெனி கொடுத்த ஆர்டர். சரக்கு வருவது இங்கே ஷார்ஜா பக்கத்துத் துறைமுகத்துக்குத்தான். அரபி லேபிள் இல்லாமல் உணவுப் பெட்டி எதுவும் இங்கே உள்ளே வர முடியாது. அன்று மாலை ஐந்து மணிக்குள் லேபிள் போய்ச் சேர வேண்டும். ராத்திரி பெட்டி கட்டி கன்டெய்னர் ஏற்றிவிடுவார்கள். இந்த ஒன்று சரியாகப் போனால் மாதாமாதம் ஏற்றுமதி லேபிள் எல்லாம் இவளுக்கே. ஊறுகாய் பாட்டிலிலிருந்து ஏறி வருவதற்கு அவளுக்குக் கிடைத்த முதல் படி அது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் அரபி எழுத்துதான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராமல் தனித்தனியாக நின்றது. போதாததற்கு, வலமிருந்து இடமாகப் போக வேண்டியது இடமிருந்து வலமாகப் போயிருந்தது. அரபி எழுத்துகள் கை கோத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பிரித்து நிறுத்தினால் படிக்கிறவனுக்கு ஒன்றும் புரியாது.

இங்கே வாட்ஸப்பில் பேச்சு போகாது, படமும் குரல் செய்தியும்தான் போகும். பேசுவதற்கென்று வேறு ஒரு ஆப் வைத்திருக்கிறோம். அதில் வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஒரு எழுத்து தெரியாம இதை எதுக்கு எடுத்தே?" என்றுதான் ஆரம்பித்தேன். நல்ல நாத்தனார்.

"கம்பெனில டைப் பண்ணியே குடுத்தாங்கக்கா. அவங்க கம்ப்யூட்டர்ல சோக்கா தெரியுது. நம்ம மிஷின்ல ஒட்டினா இப்பிடி பிச்சிகினு வருது."

"நான் டைப் பண்ணி அனுப்பறேன். அதை ஒட்டு" என்று சொல்லிவிட்டு, போனிலேயே வரி வரியாக அடித்து அனுப்பினேன். உறைந்த இறால், இத்தனை டிகிரியில் வைக்கவும், இந்தியாவில் தயாரானது, கம்பெனி பெயர். பத்து நிமிடத்தில் திரும்பப் படம் வந்தது. அதே மாதிரி பிரிந்து நின்றது. கூடவே புதிதாக ஒரு தொல்லை. அங்கங்கே எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரம், டப்பா டப்பாவாக.

"டப்பா வருதுக்கா" என்றாள்.

"உன் கம்ப்யூட்டர் கோளாறு. பழசைக் கட்டிக்கிட்டு அழுதா அப்படித்தான்" என்றேன்.

படமாக எடுத்து அனுப்பினேன். சின்ன லேபிளில் அச்சாகும்போது புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி மசமசவென்று ஆகிவிட்டது. அரபியில் புள்ளிதான் உயிர். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி எல்லாம் வேறு வேறு எழுத்து. கணினி நன்றாகப் படித்தவர்கள் இதற்கு வேறு சுலபமான வழி சொல்வார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று அது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து கம்பெனி சூப்பர்வைசர் அவள் கடைக்கு வந்துவிட்டார். பிரேமா, "ஷார்ஜால அரபி ஆபீஸ் மேடம் லைன்ல கீறாங்க சார்" என்று போனை அவரிடம் கொடுத்தாள்.

"என்ன மேடம் பிரச்சினை?" என்று கேட்டார்.

"நான் அனுப்பினது சரியா இருக்கு சார். இவங்க கம்ப்யூட்டர்தான் இதுக்குத் தாங்காது" என்றேன்.

அவர், "சரி, இந்தத் தடவை எப்படியாவது முடிச்சுக் குடுக்கட்டும். அடுத்த லோடுக்கு நான் பாரிமுனைல வேற பிரஸ்ல கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரேமா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4

அவர் போனதும் கொஞ்ச நேரம் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, இது நம்ம பழைய தமிழ் மாதிரிதானே? கொம்பு தனி, கால் தனி. மிஷினுக்கு சேக்கத் தெரியல. நாம சேத்து வெச்சா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் அதற்குள் மிஷினோடு வந்த எழுத்துருவின் பட்டியலைத் திறந்துவிட்டாள். கட்டம் கட்டமாக நூற்றுக்கணக்கான எழுத்து. அரபியில் ஓர் எழுத்துக்குத் தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. சாதாரணமாகக் கம்ப்யூட்டரே இடம் பார்த்து மாற்றிக்கொள்ளும். இருபது வருடமாக அடிக்கிறேன், அந்த வடிவங்கள் தனித்தனி எழுத்தாகவும் உள்ளே கிடக்கின்றன என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பிரேமாவோ பழைய தமிழில் கொம்பைத் தேடின கண்ணால் இதையும் தேடினாள்.

"நீங்க ஒவ்வொரு வார்த்தையும் பெரிசா எழுதி, எந்த எழுத்து எங்க முடியுதுன்னு கோடு போட்டு நம்பர் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

என் பக்கத்து மேசை யாசீன் சூடான்காரர். அரபி அவர் தாய்மொழி. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தடித்த பேனாவால் வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார். நான் கோடு போட்டு, நம்பர் போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். அந்த மிஷின் இடமிருந்துதான் அச்சடிக்கும் என்பதால் அவள் ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வடிவத்தை எடுப்பாள், வைப்பாள், தாளோடு ஒப்பிடுவாள், அடுத்தது.

‘ஹா’ என்று ஓர் எழுத்து. தனியாக நின்றால் ه, முதலில் வந்தால் هـ, நடுவில் ـهـ. பார்த்தால் மூன்றும் மூன்று எழுத்து போல இருக்கும். அவள் கேட்டாள்: "இங்க கீறவரும் அங்க கீறவரும் ஒரே ஆளாக்கா?"

"ஒரே ஆளுதான்."

"அப்ப எடத்துக்குத் தக்கன சட்ட மாத்திகினு வராரு. சரி."

யாசீனுக்கு அதை அரபியில் சொன்னேன். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் தன் வாத்தியார் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் அடி வாங்கியிருக்க மாட்டேன் என்றார்.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும். "அக்கா, இதுல ஆறு பேரு மட்டும் பின்னாடி வரவன் கையப் புடிக்க மாட்டேங்கறாங்க. முன்னாடி வரவனோட மட்டும்தான் சேந்துகினு போறாங்க. நான் பாத்த வரைக்கும் ஆறு பேருதான். சரியா?" என்றாள்.

சரிதான். அரபியில் ஆறே ஆறு எழுத்து அப்படி. மாலை வகுப்பில் சேர்ந்து நான் மாதக்கணக்கில் படித்து மனசில் ஏற்றிக்கொண்ட விஷயம். பிரேமாவுக்கு உச்சரிப்பு தெரியாது, அர்த்தம் தெரியாது, எழுத்தின் பெயர்கூடத் தெரியாது. கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. இரண்டாவதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் நேரம் நாலரைக்குக் கடைசிப் படம் வந்தது. டப்பா ஒன்றுகூட இல்லை. எழுத்துகள் கை கோத்து ஒழுங்காக நின்றன. யாசீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படித்தார். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை. முடித்துவிட்டு, "இந்தப் பெண் எங்கே அரபி படித்தாள்?" என்று கேட்டார். படிக்கவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அப்படியும் நம்பவில்லை.

லேபிள் போனது, பெட்டி கட்டினார்கள், கப்பல் ஏறியது. இங்கே துறைமுகத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை என்று பிறகு அருள் சொன்னான். ஆனால் அடுத்த லோடு நெருங்கியும் சூப்பர்வைசர் பிரேமாவைக் கூப்பிடவில்லை.

5

என் மகள் நிவேதா இங்கேயே பிறந்தவள். பள்ளியில் அரபி கட்டாயம் என்பதால் என்னைவிட நன்றாகப் பேசுவாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ராயபுரத்து அத்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதித்தான் அனுப்புவாள். சொல்லிச் சொல்லிப் பார்த்து நானும் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கு ஏதோ தலைப்பு அடிக்க வேண்டுமென்று என் போனை வாங்கினாள். இரண்டு வார்த்தை அடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இது உருது கீபோர்ட். அரபி இல்ல."

"எல்லாம் ஒண்ணுதாண்டி. அதே எழுத்துதான்."

"இல்லம்மா. இந்த ‘காஃப்’ வேற, அரபி ‘காஃப்’ வேற. ‘யா’வும் வேற. டீச்சர் சிஸ்டம்ல போட்டா டப்பாவா வரும். எனக்கே ஒரு தடவை மார்க் போச்சு."

எங்கள் கடைக்குப் பாகிஸ்தான்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்கள் பெயர்களுக்காக என் போனில் உருது எழுத்துப் பலகை போட்டு வைத்திருந்தேன். கடையில் அடிப்பது கம்ப்யூட்டரில், அது அரபி. போனில் அடித்தது அன்று ஒரு நாள்தான். அரபி ‘காஃப்’ ك, உருது ‘காஃப்’ ک. சொல்லுக்கு நடுவில் வந்தால் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. பிரேமாவின் மிஷினோடு வந்த எழுத்துருவில் அரபி உண்டு, உருது கிடையாது. அதற்குத் தெரியாத எழுத்தை நான் அனுப்பினேன், அது டப்பா போட்டது. எழுத்து பிரிந்து நின்றது மிஷினுடைய குறை. டப்பா விழுந்தது என்னுடைய தவறு.

நான் அனுப்பினது சரியாக இருக்கிறது என்று அந்த மனிதரிடம் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால் பிரேமாவுடைய மாதாந்திர ஆர்டர் போயிற்று. உடனே பிரேமாவைக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கீபோர்ட், காஃப், உருது என்று உளறி, கடைசியில் "தப்பு என்னோடது பிரேமா, உன் கம்ப்யூட்டரோடது இல்ல" என்று முடித்தேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்குக் காலைலயே. கம்பெனி குடுத்தத ஒட்டினப்ப பிச்சிகினு வந்துச்சே தவிர டப்பா ஒண்ணுகூட இல்ல. நீங்க அனுப்பினதுலதான் டப்பா வந்துச்சி. அப்ப எழுத்துலதானே எதுனா கீது."

"அந்த ஆளு பக்கத்துலதானே நின்னாரு. நான் உன் மேல பழி போட்டப்ப அவர்கிட்ட அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

அந்தப் பக்கம் மிஷின் லேபிளைத் தள்ளும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "இன்னாக்கா இப்பிடிக் கேக்குறீங்க? எங்க வூட்டு மனுஷிய அசலார் எதிர்ல எப்பிடி வுட்டுக்குடுப்பேன்?"

அவளை என் வீட்டு மனுஷி என்று நான் யாரிடமும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் போகாததற்குச் சொன்ன பொய் இத்தனை வருடம் கழித்து நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன். நிவேதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அருளைக் கூப்பிட்டு சூப்பர்வைசரின் நம்பரை வாங்கினேன். அவர் எடுத்ததும் மூச்சு விடாமல் சொன்னேன். நான் வேறு மொழி எழுத்தை அனுப்பியது, அதனால்தான் டப்பா விழுந்தது, அது தெரிந்தும் அந்தப் பெண் வாயைத் திறக்காமல் ஒரு நாளில் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து முடித்தது, இவ்வளவு கண் உள்ள ஆள் உங்களுக்குப் பாரிமுனையில் கிடைக்க மாட்டார் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா. திங்கக்கிழமை அடுத்த லோடுக்கு லேபிள் வேணும். அவங்களை வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு, "ஆமா, இதுக்காக அங்கேருந்து போன் பண்றீங்களே, நீங்க அவங்களுக்கு யாரு? ஆபீஸ் மேடம்னுதானே அன்னிக்குச் சொன்னாங்க" என்று கேட்டார்.

"பிரேமாவோட நாத்தனார் சார்" என்றேன்.